மைசூர்ச் சந்தன எண்ணெயும் பொருளறியும் கருவியும் – ஒரு வரலாற்றுப் பார்வை

சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "வழக்கம்போல் கல்வெட்டு பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். இம்முறை கல்வெட்டை விட்டு, நான் பிழைக்கிற தொழிலைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த என் தந்தையார் மைசூரில் தொடங்கிய வாசனைச் சரக்குக் கடையில் பதினேழு வயதில் உட்கார்ந்தவன். இரசாயனம் எனக்குப் பாடமாக வரவில்லை, நஷ்டமாகத்தான் வந்தது. அந்த நஷ்டத்தின் கதையும், அதன் பின்னால் கிடக்கிற நூறாண்டு வரலாறும்தான் இக்கட்டுரை.

கேள்வி ஒன்றுதான். ஒரு பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு, இது இன்னது என்று எப்படி அறுதியிட்டுச் சொல்வது?

இது வியாபாரிக்குப் பழைய கேள்வி. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெரு வருணனை வருகிறது. வைரத்துக்கு இன்னின்ன குற்றம், முத்துக்கு இன்னின்ன குற்றம் என்று இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: அடிகள் கடைத் தெருவில் நின்று விசாரித்துத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். குற்றமில்லாத பொருள் எது என்று சொல்வதற்குக் குற்றங்களின் பட்டியல் முதலில் வேண்டும். இன்றைய ஆய்வகமும் அந்தப் பட்டியலைத்தான் வைத்திருக்கிறது. அது கொஞ்சம் நீளமான பட்டியல், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் புத்கலம் என்னும் சடப்பொருளுக்கு ஊறு, சுவை, நாற்றம், நிறம் என நான்கு குணம் சொல்கிறது. பரமாணு பற்றியும் பேசுகிறது. இதை வைத்துக்கொண்டு நம் முன்னோர்க்கு எல்லாக் கருவியும் தெரியும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள். கருவி பின்னால்தான் வந்தது.

சந்தன எண்ணெய் மைசூருக்கு வந்த விதம்

திப்பு சுல்தான் 1792இல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார் என்பர். அதற்குப் பின் வந்த உடையார் அரசும் அதை விடவில்லை. உங்கள் சொந்த நிலத்தில் முளைத்தாலும் சந்தன மரம் அரசுக்கே சொந்தம். கர்நாடகத்தில் 2001இலும் தமிழ்நாட்டில் 2002இலும் சட்டம் திருத்தப்படும் வரை ஏறக்குறைய இந்த நிலைதான் நீடித்தது. இவ்வளவு கட்டுக்காவல் இருந்தும் எண்ணெய் இங்கே வடிக்கப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. மைசூர் அரசு கட்டையை ஏலம் விடும். அதில் பெரும்பகுதி ஜெர்மனிக்குக் கப்பலேறும். அங்கே வடித்த எண்ணெய் உலகச் சந்தைக்குப் போகும்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஏலம் படுத்துவிட்டது. கட்டை கிடங்கில் குவிந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலம். திவானாக இருந்தவர் விசுவேசுவரய்யா. தொழில் துறையைப் பார்த்துக்கொண்டவர் ஆல்பிரட் சாட்டர்டன். சாட்டர்டன் நம் சென்னை மாகாணத்தில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டவர் என்பது வாசகர் அறிந்ததே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் என்னும் இரு பேராசிரியர்கள் கட்டையிலிருந்து எண்ணெய் வடித்துப் பார்த்தார்கள். 1916–17 காலத்தில் பெங்களூரிலும் மைசூரிலும் அரசு எண்ணெய் ஆலைகள் எழுந்தன. மைசூர் சாண்டல் சோப்பும் அந்த எண்ணெயைத் தொடர்ந்து பிறந்ததுதான்.

எண்ணெய் வடித்தால் மட்டும் போதுமா? லண்டனில் இருக்கிற வாங்குபவனுக்கு, "இது சுத்தமான சந்தன எண்ணெய்" என்று நிரூபிக்க வேண்டுமே. அன்றைக்கு இருந்த சோதனைகள் இவை: அடர்த்தி பார்ப்பது, ஒளியை எவ்வளவு இடப்பக்கம் திருப்புகிறது என்று பார்ப்பது, 70 விழுக்காடு சாராயத்தில் கரைகிறதா என்று பார்ப்பது, கடைசியாக, அசிடைல் ஏற்றி 'சந்தலால்' எவ்வளவு என்று கணக்கிடுவது. இந்தக் கணக்கில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் நல்ல எண்ணெய். இந்தியத் தர விதியிலும் பின்னர் உலகத் தர விதியிலும் இந்த 90 என்னும் எண் உட்கார்ந்துகொண்டது. என் தந்தையார் தலைமுறைக்கு அது வேதவாக்கு.

இந்தச் சோதனைகளில் ஒரு நுட்பமான ஓட்டை இருக்கிறது. அவை எல்லாமே எண்ணெயை ஒட்டுமொத்தமாகப் பார்க்கின்றன. பத்துப் பேர் நிற்கிற கூட்டத்தை மொத்தமாகத் தராசில் ஏற்றி, "சராசரி எடை சரியாக இருக்கிறது, எல்லாரும் நம்ம ஊர்க்காரர்தான்" என்று சொல்வது போல. உள்ளே யார் யார் என்று அவை கேட்பதில்லை.

எங்கள் கடைக்கு வந்த எண்ணெய்

1998ஆம் ஆண்டு. அப்போது கடைப் பொறுப்பு என் கைக்கு வந்திருந்தது. வெளியூர்த் தரகர் ஒருவர் மூலம் ஒரு பார்ட்டியிடமிருந்து 20 கிலோ சந்தன எண்ணெய் வாங்க ஏற்பாடு. சாம்பிள் வந்தது. அப்பா வழக்கம்போல் காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தார். அரை மணி கழித்து மறுபடி முகர்ந்தார். மறுநாள் காலையில் பூசை முடித்து வந்து மூன்றாம் தடவை முகர்ந்தார்.

"இது நம்ம சரக்கு இல்லப்பா" என்றார்.

"அப்ப இது என்ன?" என்றேன்.

"அது தெரியல. முதல்ல கும்முனு ஏறுது. ராத்திரி தாண்டறதுக்குள்ள சப்புனு ஆயிடுது. நல்ல எண்ணெய் அப்படிப் பண்ணாது."

நான் அதை ஏற்கவில்லை. ஒரு தனியார் ஆய்வகத்துக்குச் சாம்பிளை அனுப்பினேன். அடர்த்தி சரி. ஒளித்திருப்பம் எல்லைக்கோட்டின் ஓரத்தில், ஆனாலும் உள்ளேதான். சந்தலால் 91 விழுக்காடு. முத்திரை குத்திய தாள் வந்ததும் அப்பா முன்னால் வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மூக்கைவிடத் தாள் பெரிது என்று நான் நினைத்த நாள் அது. சரக்கை வாங்கி, பாதியை ஊதுவத்திக்காரர்களுக்கும் மீதியில் கொஞ்சத்தை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு வாடிக்கையாளருக்கும் விற்றேன்.

நாலு மாதத்தில் அந்த ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்தது. கூடவே ஆறு பக்க அறிக்கை. மலைத்தொடர் மாதிரி மேலும் கீழுமாய்க் கோடுகள். ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரு பெயர். அந்தப் பெயர்களில் ஒன்று டைஎத்தில் தாலேட். அதற்குச் சந்தனத்தோடு ஓர் உறவும் கிடையாது. வாசனைத் தொழிலில் நீர்ப்பதற்கு ஊற்றுகிற, மணமே இல்லாத திரவம். இன்னொன்று செயற்கைச் சந்தன மணப்பொருள். உண்மையான சந்தலால் இரண்டும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை.

அப்பா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எண்ணெய் வாங்கிய ஊதுவத்திக்காரர்களுக்கும் ஆளனுப்பிச் சொல்லி, கேட்டவர்களுக்குக் கொடுத்தார். மீதிச் சரக்கைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். "தெரியாம வித்தது ஒரு பாவம். தெரிஞ்சு வித்தா அது வேற கணக்கு" என்று அப்பா மறுத்துவிட்டார். குவெம்பு நகரில் வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனை அதோடு போயிற்று. அவர் என்னைத் திட்டவே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

91 விழுக்காடு எப்படி வந்தது என்பது எனக்கு விளங்க மூன்று வருடம் ஆயிற்று. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பி.எஸ்ஸி. பாடநூல்களை வைத்துக்கொண்டு இராத்திரியில் படித்தேன். அசிடைல் ஏற்றிய எண்ணெயைக் காரத்தோடு கொதிக்கவிட்டு, எவ்வளவு காரம் செலவாயிற்று என்பதை வைத்துத்தான் சந்தலால் அளவு கணக்கிடப்படுகிறது. தாலேட்டும் எஸ்டர்தான், அதுவும் காரத்தைத் தின்னும். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு பங்கு தின்னும். ஆக, கலப்படம் கூடக்கூட 'சந்தலால்' கணக்கும் கூடும்! அசிடைல் ஏற்றுவதற்கு முன்பே எண்ணெயின் எஸ்டர் மதிப்பைத் தனியாகப் பார்த்துக் கழித்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். அந்த ஆய்வகம் கழிக்கவில்லை. செயற்கை மணப்பொருளும் ஆல்கஹால் வகை என்பதால் அதுவும் சந்தலாலாகவே எண்ணப்பட்டது. தாலேட் கனமானது, மணப்பொருள் லேசானது. இரண்டும் சேர்ந்து அடர்த்தியைச் சமன் செய்துவிட்டன. கலந்தவன் என்னைவிட இரசாயனம் படித்தவன்.

எடை போட்டு, உடைத்துப் பார்க்கும் கருவி

ஆறு பக்க அறிக்கையைத் தந்த கருவிக்கு ஜி.சி.-எம்.எஸ். என்று பெயர். முதல் பாதி வாயு நிறப்பிரிகை. கலவையை ஆவியாக்கி, மயிரிழை போன்ற நீண்ட குழாய்க்குள் செலுத்தினால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். கூட்டத்தை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக வாசலுக்கு வெளியே விடுகிற வேலை. இரண்டாம் பாதி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். தமிழில் நிறை நிறமாலைமானி என்று எழுதுகிறார்கள். வாய்க்குள் நுழையவில்லை என்றாலும் பொருத்தமான பெயர்தான். வெளியே வரும் ஒவ்வொரு பொருளையும் அது எலெக்ட்ரான்களால் அடித்து, மின்னேற்றி, உடைக்கிறது. உடைந்த துண்டுகளை எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது.

இதன் வேர் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. ஜே.ஜே.தாம்சன் 1912–13 வாக்கில் நியான் வாயுவை ஆராய்ந்தபோது, 20 எடையுள்ள நியானோடு 22 எடையுள்ள இன்னொன்றும் இருப்பதைக் கண்டார். அவருடைய உதவியாளர் ஆஸ்டன் 1919இல் நேர்த்தியான கருவி செய்து, 1922இல் நோபல் பரிசு பெற்றார். அப்போது அது அணுவின் எடை பார்க்கிற கருவி மட்டுமே. வாசனை எண்ணெயை அதனுள் விடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1950களின் நடுவில் அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் கோல்கே, மெக்லாஃபர்ட்டி என்னும் இருவர் நிறப்பிரிகைக் குழாயின் வாலை இந்தக் கருவியின் வாயில் சேர்த்தார்கள். அங்கிருந்துதான் நம் கதை தொடங்குகிறது. இந்தியாவிலும் 1978இல் பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று இதற்கென ஒரு சங்கமே அமைத்தார்கள்.

எடை தெரிந்தால் பொருள் தெரிந்துவிடுமா? இதுதான் எல்லாரும் சறுக்குகிற இடம். நானும் சறுக்கினேன். ஆகையால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சந்தனத்தின் மணத்துக்குக் காரணமான ஆல்பா சந்தலால் ஒரு மூலக்கூறில் 15 கார்பன், 24 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் உண்டு. எடை 220. பீட்டா சந்தலாலுக்கும் அதே 15, 24, 1. சரி, இரண்டும் உடன்பிறப்புகள் என்று வைத்துக்கொள்வோம். சமையல் எண்ணெயும் சிப்ஸும் சிக்கு வாடை அடிக்காமல் இருக்கச் சேர்க்கிற பி.எச்.டி. என்னும் செயற்கைப் பொருள் இருக்கிறதே, அதற்கு வாய்ப்பாடு என்ன? அதே 15, 24, 1. சலவைத் தொழில் இரசாயனங்கள் சிதைந்து ஆற்று நீரில் மிதக்கிற நானைல்ஃபீனால் என்னும் நச்சு? அதுவும் 15, 24, 1. தசமத்துக்குப் பின் நான்கு தானம் வரை பார்த்தாலும் நான்கும் 220.1827தான். கடவுளுக்குச் சாத்துகிற சந்தனமும், எண்ணெய் டின்னில் போடுகிற பதப்பொருளும், சாக்கடை நஞ்சும் தராசில் ஒன்று. முதல்முறை இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் உடைக்க வேண்டியிருக்கிறது. பி.எச்.டி.யை அடித்தால் 15 எடையுள்ள ஒரு துணுக்கை உதிர்த்துவிட்டு 205இல் ஓங்கி நிற்கும். நானைல்ஃபீனால் 135, 107 என்று உடையும். சந்தலால்கள் 93, 94இல் உயர்ந்து, 121, 122 பக்கத்திலும் கோடு காட்டும். மண்பானை, மரப்பெட்டி, கண்ணாடிக் குடம் மூன்றும் ஒரே எடையாக இருக்கலாம். கீழே போட்டால் உடைகிற விதம் வேறு. என் சரக்கில் இருந்த தாலேட்டின் முழு எடை 222, உயர்ந்த கோடு 149. அந்த 149ஐ இன்றைக்கு எந்த அறிக்கையில் கண்டாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஆல்பாவும் பீட்டாவும் உடைவதிலும் ஏறக்குறைய ஒன்று போலவே உடைகின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்வது முன்பாதிக் குழாய்தான். ஒன்று முன்னே வரும், மற்றது பின்னே வரும். ஆக, எடை, உடைகிற விதம், வந்து சேரும் நேரம் ஆகிய மூன்று சாட்சியும் ஒத்துப்போக வேண்டும்.

லண்டன் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2004இல் கடைகளில் விற்கிற சந்தன எண்ணெய்களை இவ்வாறு ஆராய்ந்து வெளியிட்டார்கள். அந்த 90 விழுக்காடு சந்தலால் ஒன்றிலும் கிட்டவில்லை! பழைய கணக்கு எல்லா ஆல்கஹாலையும் சந்தலால் என்று கூட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சந்தலாலுக்கும் தனித்தனி அளவு வைப்பதே சரி என்று அவர்கள் கூறினார்கள். 2002ஆம் ஆண்டின் உலகத் தர விதியும் ஆல்பா 41 முதல் 55, பீட்டா 16 முதல் 24 விழுக்காடு என்று வகுத்திருக்கிறது. ஆனால் 90ஐயும் கைவிடவில்லை. பழைய எண்கள் சீக்கிரம் சாவதில்லை.

பேரேடு

உடைந்த துண்டுகளைப் பார்த்துப் பெயர் சொல்ல ஒரு பேரேடு வேண்டும். எல்லா ஆய்வகமும் 70 எலெக்ட்ரான்வோல்ட் என்னும் ஒரே வலுவில் அடிப்பது வழக்கம் என்பதால், மைசூரில் எடுத்த கோட்டையும் டோக்கியோவில் எடுத்த கோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நம் ஊர்த் தங்கக் கடைகளில் உரைகல்லோடு மாற்றுக் குச்சி வைத்திருப்பார்களே, அப்படி. அமெரிக்க அரசின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனத்துப் பேரேட்டில் இன்று 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களின் கோடுகள் உள்ளன. இவ்வாறு கோடுகளிலிருந்து வடிவத்தை ஊகிக்கக் கணினியைப் பழக்கும் முயற்சி ஸ்டான்போர்டில் 1965இலேயே 'டென்ட்ரல்' என்னும் பெயரில் தொடங்கிவிட்டது. இன்று எல்லாரும் பேசுகிற செயற்கை நுண்ணறிவின் மூத்த பிள்ளைகளில் அது ஒன்று.

2004இல் தொடங்கிய பப்கெம் என்னும் பொதுப் பேரேட்டில் பத்துக் கோடிக்கு மேல் சேர்மங்கள் இருக்கின்றன. யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். நம்மவர் பங்கும் இருக்கிறது. சென்னைக் கணித அறிவியல் கழகத்தில் 2018இல் 'இம்பேட்' என்னும் பேரேட்டைத் தொகுத்தார்கள். இந்திய மூலிகைகள் 1742, அவற்றில் உள்ள சேர்மங்கள் 9596. பின்னர் விரிவாக்கிய பதிப்பில் மூலிகைகள் 4010, சேர்மங்கள் 17967. நாட்டு மருந்துச் சரக்கு விற்கிற என் போன்றவனுக்கு இது ஒரு புதையல். கடுக்காயையும் அதிமதுரத்தையும் அதில் தேடிப் பார்ப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

ஆனாலும் ஒரு கணக்கு பாருங்கள். பெயர்ப் பட்டியலில் பத்துக் கோடி. அதே 70 வோல்ட் கோடு எடுத்து வைத்திருப்பது சில இலட்சம். ஊர்வாசிகள் பட்டியலில் எல்லார் பெயரும் இருக்கிறது, போட்டோ இருப்பது ஆயிரத்தில் சில பேருக்குத்தான் என்பது போல.

மைசூர் ஆய்வகங்களும் நாட்டு வழக்குகளும்

1950 அக்டோபர் 21ஆம் நாள் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அரசகுமாரிக்குக் கட்டிய மாளிகை சோதனைச்சாலையானது. அதன் முதல் இயக்குநர் வி.சுப்பிரமணியன் என்பது நமக்குப் பெருமை தருவது. நம் ஊர்க்காரர்கள் 'சி.எஃப்.டி.ஆர்.ஐ.' என்று சொல்லிப் பேருந்து நிறுத்தமாக மட்டும் அறிந்திருக்கிற அந்த நிலையத்துக்கு நாட்டின் பெரிய வழக்குகள் வந்துபோயிருக்கின்றன.

2003 ஆகஸ்டில் டெல்லித் தொண்டு நிறுவனம் ஒன்று குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக வெளியிட்டது. நாடாளுமன்றம் கொதித்தது. அரசு, குளிர்பான மாதிரிகளை மைசூருக்கும் கல்கத்தா ஆய்வகத்துக்கும் அனுப்பியது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2004 பிப்ரவரியில் எச்சம் இருந்தது உண்மையே என்று கூறியது. 2015இல் மேகி நூடுல்ஸ் விவகாரம். உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் மாதிரிகளை மைசூர் ஆய்வகத்தில் சோதிக்கச் சொன்னது. ஈயம் எவ்வளவு என்பதற்கு விடை எண்ணாக வந்துவிடும். குளூட்டமேட் விஷயம் அப்படி அல்ல. தக்காளியிலும் கோதுமையிலும் இயற்கையாக வருகிற குளூட்டமேட்டும், பொட்டலத்திலிருந்து கொட்டுகிற குளூட்டமேட்டும் ஒரே மூலக்கூறு. இன்னது இருக்கிறது என்று சோதனை சொல்லும். யார் போட்டது என்று சொல்லாது. வழக்குகளில் பாதிச் சண்டை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இவற்றையெல்லாம் வியாபாரச் சண்டை என்று தள்ளிவிடலாம். 2018 டிசம்பர் 14ஐ அப்படித் தள்ள முடியாது. சாமராஜநகர் மாவட்டம் ஹனூர்ப் பக்கம் சுள்வாடி கிராமத்து மாரம்மன் கோவிலில் பிரசாதச் சாதம் சாப்பிட்டவர்கள் வாந்தியெடுத்து விழுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 17 பேர் இறந்தார்கள். பலரை மைசூர் மருத்துவமனைகளுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அன்று இரவு முழுக்க நகரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை.

மருத்துவர்க்கு உடனே வேண்டியது இனப்பெயர். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, வாயில் எச்சில் வழிந்து, மூச்சுத் திணறினால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்று அனுபவத்தால் அறிந்து அட்ரோபின் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். என் தந்தையார் மூக்கைப் போல அது ஒரு கைப்பழக்கம். அதுதான் உயிரைக் காப்பாற்றுவது. ஆனால் நீதிமன்றத்துக்கு இனப்பெயர் போதாது. எந்த மருந்து, எந்தக் கடையில் விற்றது என்று தேட, ஆளின் பெயரே வேண்டும். தடயவியல் சோதனையில் வந்த பெயர் மோனோகுரோட்டோபாஸ். ஐந்தாண்டுக்கு முன் 2013 ஜூலையில் பீகார் சாரண் மாவட்டப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகளைக் கொன்ற அதே நஞ்சு.

அந்தப் பெயரைச் சொல்வது எவ்வளவு ஜாக்கிரதையான வேலை என்று பாருங்கள். மோனோகுரோட்டோபாஸ் உடைந்தால் 127இல் ஓங்கிய கோடு தரும். அதன் பங்காளியான டைகுரோட்டோபாஸும் 127. மெவின்பாஸும் 127. முழு எடைகள் முறையே 223, 237, 224. 127ஐ மட்டும் கண்டு ஒருவன் பெயர் எழுதினால், விற்றவன் ஒருவன், மாட்டுகிறவன் வேறொருவன். மூன்று சாட்சியையும் பார்த்து, கடைசியில் சுத்தமான அசல் மருந்தை அதே கருவியில் விட்டுப் பார்த்து, இரண்டும் கோட்டுக்குக் கோடு, நிமிடத்துக்கு நிமிடம் ஒத்தால்தான் தீர்ப்பு. 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதற்கு ஐந்து படி வகுத்தார்கள். எடை மட்டும் தெரிந்தால் ஐந்தாம் படி. வாய்ப்பாடு தெரிந்தால் நான்கு. உத்தேச வடிவம் மூன்று. பேரேட்டோடு நன்றாகப் பொருந்தினால் இரண்டு. அசல் பொருளோடு வைத்து உரைத்துப் பார்த்தால்தான் முதல் படி. ஒரு அறிக்கை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் நம் வியாபாரிகளுக்கும் வக்கீல்களுக்கும் வர வேண்டும். இன்னும் வரவில்லை.

மீதி இருந்த பாட்டில்

அந்த 1998 எண்ணெயில் ஒரு சிறு பாட்டிலை அப்பா எறியாமல் பீரோவில் வைத்திருந்தார். அவர் 2001இல் காலமானார். 2019இல் நண்பர் ஒருவரின் மகள், வேதியியலில் ஆய்வு செய்கிறவள், அதைத் தன் கருவியில் விட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போனாள். இருபது வருடப் பழைய எண்ணெய். கொஞ்சம் மாறியிருக்கும் என்று முன்கூட்டியே சொன்னாள்.

அறிக்கையில் நாற்பதுக்கு மேற்பட்ட சிகரங்கள். தாலேட் அப்படியே இருந்தது. சந்தலால்கள் இருந்தன. செயற்கை மணப்பொருளும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே பேரேட்டோடு எவ்வளவு பொருத்தம் என்று 999க்குக் கீழ் ஒரு எண். 950, 931 என்று நல்ல மதிப்பெண்கள். நடுவில் ஒரு நடுத்தரச் சிகரம். அதற்கு எதிரே மட்டும் மூன்று பெயர்கள் அச்சாகியிருந்தன: 812, 809, 801. மூன்றும் 222 எடையுள்ள ஆல்கஹால்கள்.

"இதுல எது சரி?" என்று கேட்டேன்.

"மூணுமே இல்லாம இருக்கலாம் மாமா. லைப்ரரில இல்லாததை மெஷின் சொல்லாது. இருக்கறதுல கிட்டத்துல எது இருக்கோ அதைத்தான் சொல்லும்."

"அப்ப என்னன்னு எழுதறது?"

அவள் பென்சிலால் மூன்று பெயரையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினாள். அப்பா காகிதப் பட்டையை முகர்ந்துவிட்டு, "அது தெரியல" என்று சொன்னது எனக்கு நினைவு வந்தது. அன்று அந்தச் சொல்லைத்தான் நான் பலவீனம் என்று எடுத்துக்கொண்டேன். இரவு தாண்டுவதற்குள் சப்பென்று ஆகிவிடுகிறது என்று அவர் சொன்னதற்குக் காரணம் இந்தச் சிகரமா, வேறொன்றா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்த மூன்றின் அசல் பொருளும் வாங்கி வைத்து உரைத்துப் பார்த்தால் ஒருவேளை தெரியும் என்றாள். அவற்றில் இரண்டு விற்பனைக்குக் கிடைப்பதில்லை.

பாட்டிலில் இன்னும் இரண்டு மில்லி இருக்கிறது. மூடியில் மெழுகு வைத்து பீரோவில் வைத்திருக்கிறேன்.